எல்லோரும் வேர்டில், நீங்கள் மட்டும் லிப்ரே ஆபீஸில்: புதிதாக மாறியவர்களுக்கு

விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மிண்டையும், வேர்டு, எக்செல்லுக்குப் பதிலான இலவசத் தொகுப்பு லிப்ரே ஆபீஸையும் கணினியில் ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். திங்கட்கிழமை காலைதான் கதை ஆரம்பிக்கும். அலுவலகத்திலிருந்து வேர்டின் டாக்எக்ஸ் வடிவில் ஒரு கோப்பு வரும். வெள்ளிக்கிழமை வரை பதினோரு பக்கமாக இருந்த அறிக்கை இப்போது உங்கள் திரையில் பன்னிரண்டு பக்கம். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "எதுக்கு சார் இந்த வேண்டாத வேலை?" என்பார். சாயங்காலம் அக்கா போன் செய்வார்: "நீ அனுப்புன ஃபைல் என் போன்ல தொறக்கவே மாட்டேங்குதுடா."

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத, ஆனால் நன்றாக ஓடுகிற மடிக்கணினி வைத்திருக்கும் பலர் அதனால் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். சிலர் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குச் சந்தா கட்ட முடியாமல் வருகிறார்கள், சிலர் கொள்கைக்காக வருகிறார்கள். எந்த வழியாக வந்தாலும் நிலைமை ஒன்றுதான்: நீங்கள் மாறிவிட்டீர்கள், சுற்றியிருப்பவர்கள் மாறவில்லை.

அவர்களை மாற்றும் வேலையை முதல் நாளே கைவிட்டுவிடுங்கள். உங்கள் கணினிக்குள் எது ஓடுகிறது என்பது உங்கள் பாடு. வெளியே போகும் ஒவ்வொரு கோப்பும் அவர்கள் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எட்டு வருடமாக நான் இப்படித்தான் ஓட்டுகிறேன். என்னிடம் வேர்டு இல்லை என்பது என் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது.

முதலில்: வேர்டை அழிக்காமல் ஒரு மாதம்

லிப்ரே ஆபீஸ் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். அதனால் இயங்குதளத்தையும் ஆபீஸையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸை நிறுவி, வேர்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் வேலை செய்யுங்கள். அந்த மாதம் முழுக்க ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்: யாரிடமிருந்து என்ன கோப்பு வருகிறது, அதை நான் திருத்துகிறேனா, படிக்க மட்டும் செய்கிறேனா. நான் எழுதிய பட்டியலில் பதினாறு வகைக் கோப்புகள் இருந்தன. திருத்த வேண்டியவை ஐந்துதான். மீதியெல்லாம் படித்துவிட்டு ஓரமாக வைப்பவை. அந்த ஐந்தில் ஒன்று மட்டும் மேக்ரோ, அதாவது தானாக வேலை செய்யும் குறுநிரல், நிறைந்த எக்செல். உண்மையான தலைவலி அந்த ஒன்றில்தான் என்று தெரிந்தபோது பாதி பயம் போய்விட்டது.

இதெல்லாம் சொந்தக் கணினிக்கு. அலுவலகம் கொடுத்த கணினி என்றால் ஐடி பிரிவில் கேட்காமல் எதையும் நிறுவாதீர்கள்.

எழுத்துரு: பாதிப் பிரச்சினை இங்கேதான்

பதினோரு பக்கம் பன்னிரண்டானது ஏன்? ஒரு டாக்எக்ஸ் கோப்பை நகலெடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகளும் படங்களும் கிடக்கும். "இந்தப் பத்தி கலிப்ரி எழுத்துருவில், 11 புள்ளி அளவில்" என்கிற மாதிரிக் குறிப்புகள்தான் அவை. எந்த வரி எங்கே மடிய வேண்டும், எந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் விழ வேண்டும் என்பதை அந்தக் குறிப்புகளைப் படித்து முடிவு செய்வது திறக்கிற மென்பொருள். கலிப்ரி உங்களிடம் இல்லையென்றால் வேறொரு எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். அது ஒரு மயிரிழை அகலமாக இருந்தாலும் போதும், வரி இறங்கும், அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தாவும்.

இதற்கென்றே அளவெடுத்துச் செய்த எழுத்துருக்கள் உண்டு. கலிப்ரியின் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் கார்லிட்டோவில் அப்படியே இருக்கும். கேம்ப்ரியாவுக்குக் கலடியா. டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப், ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ், கூரியர் நியூவுக்கு லிபரேஷன் மோனோ. மிண்டின் மென்பொருள் மேலாளரில் இந்தப் பெயர்களைத் தேடி, இல்லாதவற்றை நிறுவுங்கள். வடிவம் கொஞ்சம் வேறாக இருக்கும், ஆனால் வரி மடியும் இடம் மாறாது. நமக்கு வேண்டியது அதுதான்.

2007 பதிப்பிலிருந்து வேர்டின் இயல்பு எழுத்துருவாக இருந்த கலிப்ரியின் இடத்தில் இப்போது ஆப்டோஸ் வந்திருக்கிறது. ஆப்டோஸில் வரும் கூட்டுக் கோப்புகளுக்கு, "நாம எல்லாரும் கலிப்ரியிலேயே வெச்சுக்கலாமா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. ஏன் என்று கேட்டவரும் இல்லை.

ஒரு கோப்பைத் திறந்ததும் மேலே எழுத்துருப் பெயர் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். பெயர் சாய்ந்த எழுத்தில் தெரிந்தால் அது உங்கள் கணினியில் இல்லை என்று அர்த்தம். பக்கக் கணக்கை அப்போது நம்பாதீர்கள்.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம்

லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை. லினக்ஸில் லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை இருக்கும். இவற்றின் வரி உயரம் ஒன்றுக்கொன்று வேறு. அதனால் தமிழ் அறிக்கைகளில் பக்க எண்ணிக்கை ஆங்கிலத்தைவிட அதிகமாக ஆடும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ், ஃபாண்ட்ஸ் என்று போனால் ஒரு மாற்று அட்டவணை இருக்கிறது. அதில் லதாவுக்குப் பதில் எது வர வேண்டும் என்று நீங்களே பதிந்துவிடலாம். அதைவிட நல்ல வழி, நோட்டோ மாதிரி எல்லாக் கணினியிலும் இலவசமாக நிறுவக்கூடிய ஒன்றைக் குழுவில் எல்லோரும் வைத்துக்கொள்வது. இது மட்டும்தான் நான் சகபணியாளர்களிடம் வாய்விட்டுக் கேட்ட உதவி.

இன்னொன்று, பலர் மணிக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடம். லிப்ரே ஆபீஸ் தமிழை "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஒரே பத்திக்கு ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழுக்கு வேறோர் எழுத்துருவும் அளவும். ஸ்டைலில் போய் மேற்கத்திய எழுத்துக்கான பெட்டியில் 14 என்று மாற்றுவீர்கள், ஆங்கிலச் சொற்கள் மட்டும் குண்டாகும், தமிழ் அசையாது. மென்பொருளில் கோளாறு என்று நினைப்பீர்கள். கோளாறு இல்லை, இரண்டாவது பெட்டியையும் மாற்ற வேண்டும். அந்தப் பெட்டியே கண்ணில் படவில்லையென்றால் ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புப் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து, அதற்கு நேரே தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற கருவியில் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை முறை கிடைக்கும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் அதிலேயே வழி உண்டு.

அப்புறம் பழைய எழுத்துரு விவகாரம். அச்சகத்திலிருந்து ஒரு கோப்பு வருகிறது, திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன. லினக்ஸின் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடுத்தடுத்து அடித்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அதுதான் "அம்மா". கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, அதன்மேல் தமிழ்ப் படத்தைப் போர்த்துவது எழுத்துரு. போர்வை இல்லாத எந்தக் கணினியிலும் இந்தக் கதைதான், விண்டோஸாக இருந்தாலும். இலங்கையிலிருந்து வரும் பழைய கோப்புகளில் பாமினியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள், தமிழ்நாட்டு அச்சகங்களில் வானவில் மாதிரியானவை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டை, தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும் அச்சகங்களில் பழக்கம் போகவில்லை. அச்சகங்களின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் ஓடாது என்பதுதான் காரணத்தில் பெரிய பங்கு. இணையத்தில் இருக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டி யூனிகோடாக்கிவிட்டு வேலையைத் தொடருங்கள். நீங்கள் அச்சகத்துக்கு அனுப்பும்போது யூனிகோடு உரையோடு ஒரு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் மாற்றியதில் ஒற்று விழுந்துவிட்டதா என்று ஒப்பிட அதுதான் உதவும்.

எந்த வடிவில் சேமிப்பது

லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவம் ஓடிஎஃப். எழுத்துக் கோப்பென்றால் ஓடிடி, விரிதாள் என்றால் ஓடிஎஸ். 2006-லேயே ஐஎஸ்ஓ தரம் பெற்றது. வேர்டும் அதைத் திறக்கும். ஆனால் அக்காவின் போனுக்கு ஐஎஸ்ஓ தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த ஓடிடியைத் தொட்டால் "திறக்க ஆப் இல்லை" என்று நிற்கும் போன்கள் நிறைய.

எனவே மனதில் ஒரு கேள்வி போதும்: இந்தக் கோப்பை அந்தப் பக்கம் யாராவது திருத்துவார்களா?

திருத்த மாட்டார்கள் என்றால் பிடிஎஃப். கடிதம், பில், பயோடேட்டா, அழைப்பிதழ், சுற்றறிக்கை எல்லாம் பிடிஎஃப். எழுத்துரு உள்ளேயே பதிந்து போகும், பக்கம் ஆடாது. ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவில் எடுத்துப் போவதும் இதைத்தான். கடைப் பையனிடம் ஓடிடியை நீட்டினால் உங்கள் பின்னால் நிற்கும் வரிசை உங்களைத் திட்டும். பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் "ஹைப்ரிட் பிடிஎஃப்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் மூலக் கோப்பும் உள்ளே ஒளிந்துகொள்ளும். மற்றவர்களுக்கு அது வெறும் பிடிஎஃப், லிப்ரே ஆபீஸில் நீங்கள் திறந்தால் திருத்தலாம். அழகான ஏற்பாடு. ரகசியமான குறிப்புகள் உள்ள கோப்புக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், மூலமும் சேர்ந்து போய்விடும்.

திருத்துவார்கள் என்றால் டாக்எக்ஸ், பிறந்ததிலிருந்து கடைசி வரை டாக்எக்ஸ். நடுவில் ஓடிடியாக மாற்றி, திருத்தி, மறுபடி டாக்எக்ஸாக்கி அனுப்பும் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒன்று உதிரும்: ஒரு புல்லட் குறி, ஒரு ஓரக்கோடு. கொள்கைப் பிடிப்புள்ள நண்பர்கள் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்வார்கள். எனக்கு மட்டுமான குறிப்புகள் எல்லாம் ஓடிடியில்தான் இருக்கின்றன, அதில் சமரசம் இல்லை.

இதற்கு அமைப்பில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டாக்எக்ஸ் கோப்பில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால், இதே வடிவில் வைக்கவா, ஓடிஎஃப்பாக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். அவசரத்தில் தவறான பொத்தானை அமுக்கினால் பக்கத்திலேயே ஓர் ஓடிடி முளைக்கும். அப்புறம் திருத்துவது ஓடிடியில், அனுப்புவது பழைய டாக்எக்ஸ். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோடு-சேவ், ஜெனரல் என்ற இடத்தில் அந்த எச்சரிக்கைக் கேள்வியின் டிக்கை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் கூட்டு வேலைதான் என்றால் அங்கேயே இயல்பு வடிவத்தையும் வேர்டின் டாக்எக்ஸ் என்று மாற்றிவிடலாம்.

ஆடாமல் நிற்கும் கோப்பை எழுதுவது

ஒருமுறை நிதி உதவி கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. டெக்ஸ்ட் பாக்ஸ் மேல் டெக்ஸ்ட் பாக்ஸாக அடுக்கிய படிவம். என் திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்தப் பக்கம் வேர்டில் திறந்தபோது கையெழுத்துப் பெட்டி முகவரியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கடைசித் தேதிக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத் தகவல் வந்தது. படிவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அனுப்பும் முன் சரிபார்க்காதது நான்தான்.

அதற்குப் பிறகு சில பழக்கங்கள் வந்தன. அடுத்த பக்கம் போக என்டரைத் தட்டிக்கொண்டே இருக்காமல் கன்ட்ரோலோடு என்டர். வரிசைப்படுத்த ஸ்பேஸ் பாரை நம்பாமல் கோடு தெரியாத அட்டவணை. தலைப்புக்கு வெறுமனே தடித்த எழுத்து போடாமல் ஹெட்டிங் ஸ்டைல். படத்தை வலது சொடுக்கி, ஆங்கர் என்பதில் "ஆஸ் கேரக்டர்" என்று வைத்தால் படம் ஓர் எழுத்து மாதிரி அந்த வரியிலேயே நிற்கும், பக்கத்தில் அலையாது. டெக்ஸ்ட் பாக்ஸ் முடிந்தவரை வேண்டாம். இப்படி எழுதிய கோப்பு வேர்டின் இரண்டு பதிப்புகளுக்கு நடுவேகூட ஆடாமல் இருக்கும்.

முக்கியமான கோப்பை அனுப்பும் முன், உலாவியில் ஓடும் இலவச வேர்டில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் போதும், காசு இல்லை. கிட்டத்தட்ட அவர்கள் பார்க்கப்போவதை நீங்களும் பார்க்கலாம். ஆனால் கோப்பு அவர்களுடைய மேகத்தில் போய் உட்காரும், அதனால் சம்பளப் பட்டியல் மாதிரியானவற்றை ஏற்றாதீர்கள். வேர்டு வடிவங்களோடு மட்டும்தான் உங்கள் நாள் முழுக்கப் போகிறது என்றால் ஒன்லி ஆபீஸ் என்ற இன்னொரு தொகுப்பையும் நிறுவிப் பாருங்கள். அது டாக்எக்ஸையே சொந்த வடிவமாக வைத்திருப்பதால் சிக்கலான பக்க அமைப்புகளை இன்னும் நன்றாகக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதி இரண்டு பக்கமும் நன்றாகவே ஒத்துப்போகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தினால் பதிவு தொடங்கும். அதற்கு முன் ஆப்ஷன்ஸில் யூசர் டேட்டா என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் உங்கள் கருத்துகளுக்குப் பக்கத்தில் "அன்நோன் ஆத்தர்" என்று வரும். "யார் சார் இந்த அன்நோன், நம்ம ரிப்போர்ட்ல புகுந்து இவ்வளவு திருத்தியிருக்கான்?" என்று எங்கள் மேலாளர் ஒருநாள் நிஜமாகவே பதறினார்.

எக்செல்

கூட்டல், சராசரி, விலுக்அப், பிவட் எல்லாம் லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்கில் ஓடும். எக்ஸ்லுக்அப், ஃபில்டர், யூனிக் போன்ற புதிய சூத்திரங்கள் 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில்தான் சேர்ந்தன, எனவே பழைய பதிப்பை வைத்துக்கொண்டு திட்டாதீர்கள். எக்செல்லிலிருந்து வந்த கோப்பைத் திறக்கும்போது கால்க் பொதுவாக மறுபடி கணக்குப் போடாது, சேமித்து வைத்த விடைகளையே காட்டும். சந்தேகம் வந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9.

மேக்ரோவில் கதை வேறு. எக்செல்லின் மேக்ரோ மொழியான விபிஏ ஓரளவு ஓடும், ஆனால் அந்த "ஓரளவை" நம்பிப் பணம் சம்பந்தப்பட்ட கோப்பில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. வெளித் தரவை இழுத்துச் சீராக்கும் எக்செல்லின் பவர் குவெரி இல்லவே இல்லை. என் பட்டியலில் இருந்த அந்த ஒரே மேக்ரோ கோப்பை மாதம் ஒருமுறை அலுவலகத்தின் பொதுக் கணினியில் உட்கார்ந்து முடித்துவிடுகிறேன். இருபது நிமிட வேலை. அதற்காக, லினக்ஸுக்குள் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட உதவும் வைன், மெய்நிகர் இயந்திரம் என்று ஒரு வாரத்தைச் செலவழித்த காலமும் உண்டு.

திறக்காத பிடிஎஃப், இன்ன பிற

சில படிவங்களைத் திறந்தால் "ப்ளீஸ் வெயிட்" என்று ஒரு பக்கம் மட்டும் வரும், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அதேதான். அவை எக்ஸ்எஃப்ஏ என்ற வகை. கனடா விசாவுக்கான படிவங்கள் சிலவற்றில் இதைப் பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள், 2021-லிருந்து அது இந்த வகையைக் காட்டுகிறது. ஆனால் சரிபார்ப்புப் பொத்தானும் பார்கோடும் உள்ள விசா படிவங்களை விண்டோஸ் கணினி ஒன்றில் அடோபி ரீடரிலேயே நிரப்புங்கள். நிராகரிப்புக் கடிதம் வாங்குமளவுக்கு இது பெரிய கொள்கைப் பிரச்சினை இல்லை.

கூட்டங்களுக்குக் கவலை இல்லை. ஜூம் லினக்ஸுக்கே தனியாக இருக்கிறது, கூகுள் மீட்டும் டீம்ஸும் உலாவியில் ஓடும். திரையைப் பகிர்வதை மட்டும் முந்தின நாளே சோதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில்

வீட்டில் எதையும் மாற்றாதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. குடும்பக் குழு வாட்ஸ்அப்பில் இருந்தால் அங்கேயே இருங்கள், கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்துகொள்ளுங்கள். சிக்னல் ஆப்புக்கு வாருங்கள் என்று அழைத்தால் ஒரு சித்தப்பா வருவார், இரண்டு நாள் வணக்கம் சொல்வார், திரும்பிப் போய்விடுவார்.

வீட்டுப் பிரிண்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமல் அச்சிடும் ஆப்பிளின் முறை) ஆதரவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அப்படிப்பட்டவை பெரும்பாலும் டிரைவர் தேடாமலே லினக்ஸில் ஓடுகின்றன. பழைய லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் மாதிரி எண்ணை இணையத்தில் தேடிவிட்டு அப்புறம் இயங்குதளத்தை மாற்றுங்கள்.

பெற்றோரின் கணினியில் லினக்ஸ் ஏற்றுவது பற்றி யோசிக்கிறீர்களா? 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்தோம்? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் யாரும் திறப்பதில்லை. ஏற்றினால் அந்தக் கணினிக்கு ஆயுள் முழுக்க நீங்கள்தான் மெக்கானிக், பிரிண்டரில் தாள் சிக்கினாலும் உங்களுக்குத்தான் போன் வரும். அதற்குத் தயார் என்றால் செய்யுங்கள்.

நான் அம்மாவுக்குச் செய்தேன், பழைய மடிக்கணினியில் விண்டோஸ் நகர மறுத்த பிறகு. முகப்பில் மூன்றே சின்னங்கள் வைத்தேன்: உலாவி, படங்கள், லிப்ரே ஆபீஸ் ரைட்டர். முதல் வாரம் முழுக்க, "வேர்டு எங்கடா போச்சு?" என்று தினமும் போன். சங்கக் கூட்டத்தின் தீர்மானங்களை அவர்தான் தட்டச்சு செய்பவர், அதனால் அவசரம். ரைட்டர் சின்னத்தின் பெயரை "வேர்டு" என்று மாற்றி, சேமிக்கும் வடிவத்தை டாக்எக்ஸாக வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அதைப் பற்றிப் போன் இல்லை. போன வாரம் வந்த போன் தாள் சிக்கியதற்கு.